ஏழு மணிச் சவரம்

அந்தத் தெருவில் ஆண்களின் தலைமுடி நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டே போனதை முதலில் கவனித்தவர்கள் அவரவர் மனைவிமார்தான். சலூன் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்காத ஆண்கள், திடீரென்று சாயங்காலமானால் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "சொரசொரன்னு இருக்கு, ஒரு நடை போயிட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டினார்கள். காலையில்தான் அந்தக் கன்னத்தை மழித்திருப்பார்கள். தேய்த்துத் துடைத்த எவர்சில்வர் பாத்திரம் மாதிரி இருக்கும். ஆனாலும் சொரசொரப்பு.

அவர்களில் ஒருவர் குடிநீர் வாரியத்தின் மேற்பார்வையாளர். தெருத் தெருவாகப் பள்ளம் தோண்டிக் குழாய் பதிக்கும் வேலை. குழாய் என்றால் நேராகப் போக வேண்டும், மனிதன் என்றால் குழாயைப் போலப் போக வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் அகராதியில் 'தப்பு' என்ற சொல்லே கிடையாது. தோண்டச் சொன்ன இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு வாசலைத் தோண்டி வைத்தாலும், அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'அளவு மாறுபாடு'.

வீட்டில் இருப்பது ஒரே டிவி. ஏழு மணிக்கு அதில் செய்தி ஓடும். மேற்பார்வையாளர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, உலகம் கெட்டுப் போய்க்கொண்டிருப்பதைத் திருப்தியோடு பார்ப்பார். பல வருஷமாக நடந்து வந்த ஏற்பாடு. அதில் இடி விழுந்தது ஒரு நாவலால்.

மிகப் பழைய காதல் நாவல் அது. அவர் மனைவி பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து படித்துப் படித்து, அட்டை கிழிந்து, மேலே காலண்டர் தாளைப் போட்டு ஒட்டி வைத்திருந்தாள். அதைத் தொடராக எடுத்து, திங்கள் முதல் வெள்ளி வரை போடப் போவதாக அறிவித்தார்கள். அதுவும் சரியாக ஏழு மணிக்கு.

"என்னங்க, அந்தக் கதையைப் போடறாங்களாம். நியூஸை எட்டு மணிக்குப் பாத்துக்கலாமா?" என்று மனைவி கேட்டாள். அவள் அவரிடம் எதையும் கேட்டுப் பெறுகிற ஆள் இல்லை. கேட்டது அபூர்வம்.

மேற்பார்வையாளர் செய்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காதல் கதையா? உக்காந்து அழறதுக்கு வெங்காயம் போதுமே. கரண்டை எதுக்கு வீணாக்கணும்?"

சொல்லிவிட்டு அவரே ரசித்துச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. மடித்துக்கொண்டிருந்த துண்டை நான்காக மடித்து, அதையும் இன்னொரு தடவை மடித்து வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். மாடிவீட்டு அக்காவிடமும் ஒரு டிவி இருந்தது. தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து தினமும் ஏழு மணிக்கு அவள் மாடியில், அவர் கீழே. தான் ஜெயித்துவிட்டதாக மேற்பார்வையாளர் நினைத்தார். ஜெயித்தவருக்கு ராத்திரிச் சாப்பாடு தாமதமாகத்தான் கிடைத்தது.

இந்த வெற்றி அவருக்குச் சில நாள்தான் நிலைத்தது. நிஜமாகவே முடி வளர்ந்து, நிஜமாகவே வெட்டிக்கொள்ள, ஒரு சாயங்காலம் அவர் சலூனுக்குப் போனார்.

சின்ன சலூன். சுழல் நாற்காலி இரண்டு. எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணாடி. பின்சுவரில் காத்திருப்பவர்களுக்கான பெஞ்சு, அதற்கு மேலே டிவி. நாற்காலியில் இருப்பவன், பெஞ்சில் இருப்பவன், கத்தரிக்கோல் பிடிப்பவன் மூவருமே டிவியைப் பார்ப்பது கண்ணாடியில்தான். திரும்பி நேராகப் பார்த்தால் டிவி பார்ப்பதாக ஆகிவிடும். கண்ணாடியில் பார்த்தால் தன் முகத்தைப் பார்ப்பதாகத்தான் கணக்கு. தன் முகத்தைத் தானே ஒரு மணி நேரம் பார்க்கிறவனை உலகம் மன்னித்துவிடும். காதல் கதை பார்க்கிறவனை மன்னிக்காது.

மேற்பார்வையாளர் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தபோது கண்ணாடிக்குள் ஒரு பழைய பெரிய வீடு தெரிந்தது. கதை இதுதான்: அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்துகொண்டு கடிகாரம் பழுது பார்க்கிறாள் ஒரு பெண். அந்த வீட்டின் மேலேயே ரயில் பாதை போடுவதற்காக அளக்க வருகிறான் ஒரு சர்வேயர். வந்த அன்றைக்கே சமையலறையின் நடுவில் ஒரு முளைக்குச்சியை அறைகிறான். அவள் அதைப் பிடுங்கி, கழுவித் துடைத்து, அவன் கையில் கொடுத்து, "வழியில விட்டுட்டுப் போயிட்டீங்க" என்கிறாள்.

"அடப்பாவி, அளவுகோலை எப்படிப் பிடிச்சிருக்கான் பாரு" என்று மேற்பார்வையாளர் வாய்க்குள் முனகினார். அவர் பார்க்க ஆரம்பித்ததே குற்றம் கண்டுபிடிக்கத்தான். மறுநாளும் குற்றம் கண்டுபிடிக்கப் போனார். அதற்கு மறுநாள், அவன் எங்காவது குற்றம் செய்து அவளிடம் மாட்டிக்கொள்ளப் போகிறானே என்று பயந்துகொண்டு போனார்.

பெஞ்சில் நிரந்தரமாக இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கணக்கு வாத்தியார். உள்ளே வரும்போதே, "இந்தச் சனியனை யாருப்பா பாக்கறது?" என்பார். உட்கார்ந்த பிறகு, "அரைகுறையாக் கேட்டா தலைவலிக்குது, சத்தத்தைக் கூட்டித் தொலை" என்பார். இன்னொருவர் டயர்க்கடை முதலாளி. அவருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. மீசையை ஒதுக்க வருவார். கதை தொடங்கியபோது கம்பளிப்பூச்சி போல இருந்த மீசை, அத்தை மகன் என்கிற வில்லன் நுழைந்த வாரத்தில் பென்சில் கோடாகி, அப்புறம் வெறும் அபிப்பிராயமாகி நின்றது. விளம்பரம் வந்தால் எல்லோரும் பெட்ரோல் விலையைப் பேசுவார்கள். கதை வந்தால் பெட்ரோல் அந்தரத்தில் நிற்கும். கதையைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசினால் பார்த்ததாக ஆகிவிடுமே.

மேற்பார்வையாளருக்கு இதுதான் பெரிய அவஸ்தை. ஆபீஸில் எல்லாப் பிரச்சினைக்கும் கருத்து வைத்திருந்து பழகியவர். இப்போது சர்வேயரைப் பற்றி, அவன் மௌனத்தைப் பற்றி, அவள் பிடிவாதத்தைப் பற்றி, மண்டை கொள்ளாத கருத்துகள். சொல்ல ஆள் இல்லை. இந்தக் கதையைக் கரைத்துக் குடித்த ஒரே ஆள் அவர் வீட்டிலேயே இருந்தாள். அவளிடம்தான் வெங்காயம் போதும் என்று சொல்லிவிட்டிருந்தார்.

சாப்பாட்டு வேளைதான் கொடுமை. கதாநாயகி சிரித்த நாளில் மனைவி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பரிமாறுவாள். கதாநாயகி அழுத நாளில் குழம்பில் உப்பு கூடிவிடும். அவள் ஏன் வாடியிருக்கிறாள் என்பது அவருக்குக் காட்சி காட்சியாகத் தெரியும். 'அவன் வேணும்னு பண்ணலைம்மா, மேலதிகாரி உத்தரவு, அவனால என்ன பண்ண முடியும்?' என்று சொல்ல நாக்கு துடிக்கும்.

"உப்பு கொஞ்சம்..." என்பார்.

"தெரியும்" என்பாள் அவள்.

அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒருநாள் அவளே அவர் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். "என்ன இது, தோல் உரிஞ்சு கிடக்கு? தினம் தினம் யாருக்காக இந்தச் சவரம்?"

"ஆபீஸ்ல இன்ஸ்பெக்ஷன்."

"இன்ஸ்பெக்ஷன் குழாய்க்கா, கன்னத்துக்கா?"

மேற்பார்வையாளர் தண்ணீர் குடித்தார். தண்ணீரைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் உண்டு. 

சலூன்காரரும் எச்சரித்துவிட்டார். "அண்ணே, நான் தொழில் தர்மத்துக்குச் சொல்றேன். இனிமே மழிக்கறதுக்குச் சதைதான் இருக்கு. ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

"சும்மா கத்தியை மேலால ஓட்டு, போதும்."

"ஓட்டினேன் அண்ணே. நேத்து ஓட்டினதும் மேலாலதான். மேல்னு ஒண்ணு இருந்தாத்தானே?"

அந்தச் சமயம் பார்த்து மாடிவீட்டு அக்காவின் டிவி புகைவிட்டுப் படுத்துவிட்டது. ஏழு மணிக்குச் சற்று முன்னால் மனைவி கீழே இறங்கி வந்தாள். "இன்னிக்கு நான் இங்க பாக்கறேன். நீங்கதான் சவரத்துக்குப் போறீங்கல்ல?" என்றாள். குரலில் கெஞ்சல் இல்லை. தகவல் சொல்கிற தோரணை.

ஒரு செருப்பு காலிலும் மற்றது கையிலுமாக நின்ற மேற்பார்வையாளர், எரிகிற கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "போகலை. நீ பாரு. நான் பேப்பர் படிக்கறேன்."

செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். ஓர் ஓரத்தை மட்டும் லேசாகக் கீழே மடித்துவிட்டார். பக்கத்தைத் திருப்பவும் அவ்வப்போது மறக்கவில்லை. எல்லாம் கச்சிதம். திரையில் கதாநாயகி மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கதவு தட்டப்பட்டது.

செய்தித்தாள் சட்டென்று வலது பக்கம் திரும்பியது.

கதவு இடது பக்கத்தில் திறந்தது.

மனைவி திரையை விட்டுவிட்டுச் செய்தித்தாளைப் பார்த்தாள். சற்று நேரத்தில் திரையில் யாரோ மாடிப்படி இறங்கும் சத்தம். செய்தித்தாள் இடது பக்கம் ஆவலாக எம்பியது. மாடிப்படி வலது பக்கம் இருந்தது.

"என்னங்க."

"ம்?"

"கதவு இந்தப் பக்கம் இருக்கு."

"எந்தக் கதவு?"

"நீங்க எதிர்பாத்துட்டு இருக்கற கதவு."

செய்தித்தாள் ஆடாமல் அசையாமல் நின்றது. மனைவி யோசித்தாள். கதையே பார்க்காதவன் எந்தப் பக்கமும் திரும்ப மாட்டான். பார்த்தவன் சரியான பக்கம் திரும்புவான். இப்படி ஒவ்வொரு தடவையும் கச்சிதமாகத் தப்பான பக்கம் திரும்புகிறவன் யார்? அவள் அவருடைய உரிந்த கன்னத்தைப் பார்த்தாள்.

"சலூன்ல டிவி எங்க இருக்கு?"

"பெஞ்சுக்கு மேல."

"நீங்க எங்க பாப்பீங்க?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. "கண்ணாடில."

அவள் சிரித்த சிரிப்பில் மாடிவீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். விஷயம் கேட்டு அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அன்றைய கதையில் மிச்சம் என்ன நடந்தது என்று மூவருக்குமே தெரியாது.

குட்டு உடைந்ததே நல்லதாகப் போயிற்று, இனி மனம்விட்டுப் பேசலாம் என்று மேற்பார்வையாளர் நினைத்தார். மறுநாள் காபியைக் குடித்துக்கொண்டே ஆரம்பித்தார். "ஏம்மா, அந்த சர்வேயர் இருக்கானே..."

"அவனைப் பத்தி என்கிட்ட பேசணும்னா ஒரு தகுதி வேணும்."

"என்ன தகுதி?"

"வெங்காயம்னு சொன்னது தப்புன்னு சொல்லணும். ஒரே ஒரு தடவை."

மேற்பார்வையாளர் வாயைத் திறந்தார். "அன்னிக்குச் சொன்னதுல கொஞ்சம் அளவு மாறு..."

"வேண்டாம். வெச்சுக்குங்க."

பேச மறுத்ததோடு அவள் நிற்கவில்லை. அவளுக்கு முடிவு தெரியும், அவருக்குத் தெரியாது என்கிற பேருண்மை அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆட்சி மாறியது.

"அந்த மேல் அலமாரியைத் துடைக்கறீங்களா, இல்லை கடைசில அவன் என்ன ஆகறான்னா..."

அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் ஸ்டூல்மேல் நின்றார். ஒட்டடை அடித்தார். மாடிவீட்டு அக்காவின் கேஸ் சிலிண்டரை மாற்றிக் கொடுத்தார். தீய்ந்த வாணலியைச் சுரண்டினார். மூட்டை வெங்காயத்தை உரித்தார், கண்ணீர் வழிய. சலூனுக்கும் போனார். வீட்டில் டிவி முன்னால் இரண்டு பெண்களும் சத்தமாக விவாதிக்க, வாய் திறக்க உரிமையில்லாமல் நடுவில் உட்கார்ந்திருப்பதைவிட, ஊமைகளோடு ஊமையாக இருப்பது மேல் என்று பட்டது. எந்த வேலையையும் செய்ய அவர் தயார். அந்த மூன்றெழுத்தை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. வாரியத்தில் இத்தனை வருஷம் சொல்லாமலேயே சமாளித்த சொல். எப்படி உச்சரிப்பது என்றே மறந்திருந்தது.

கதை முடிவதற்கு முந்தைய நாள் சலூனில் ஒரு விபத்து. அத்தை மகன் கதாநாயகியின் கையைப் பிடித்து முறுக்கினான். மேற்பார்வையாளரின் கன்னத்தில் பவுடர் போட்டுக்கொண்டிருந்த சலூன்காரருக்கு ரத்தம் கொதித்தது. "டேய்!" என்று கத்தி, கையிலிருந்த பவுடர் டப்பாவை அவன் மூஞ்சியைப் பார்த்து வீசினார். டப்பா தகர டப்பா. குறியும் தப்பவில்லை. ஆனால் அத்தை மகன் இருந்தது கண்ணாடியில்.

பவுடர் அடங்கியபோது கண்ணாடி நூறு துண்டாகத் தரையில் கிடந்தது. எதிரே வெறும் சுவர். கதை முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பினால் பார்க்கலாம். ஒருவரும் திரும்பவில்லை. விறைப்பாக உட்கார்ந்து வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டே மிச்சக் கதையைக் காதால் கேட்டார்கள்.

"கடைசி நாள் நாளைக்கு" என்றார் டயர்க்கடைக்காரர் சுவரிடம்.

"எதுக்குக் கடைசி?" என்றார் கணக்கு வாத்தியார், அவரும் சுவரிடம்.

மறுநாள் ஏழு மணி நெருங்கும்போது மேற்பார்வையாளர் வீட்டு அழைப்புமணி அடித்தது. கணக்கு வாத்தியார். "தண்ணி பிரஷர் கம்மியா வருது. அதான் கேட்டுட்டுப் போகலாம்னு." பின்னாலேயே டயர்க்கடைக்காரர். "ஏணி இருக்குமா?" அவருக்கும் பின்னால், பெட்டியோடு சலூன்காரர். "அண்ணே, கண்ணாடி உடைஞ்சு போச்சு. தொழில் நிக்கக் கூடாதில்லை? வீட்டுக்கே வந்து பண்ணிடலாம்னு..."

மனைவி மூவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "வாங்க, உக்காருங்க. ஏணி எட்டு மணிக்குத் தரேன்."

மாடிவீட்டு அக்காவும் வந்து சேர்ந்தாள். கதை ஆரம்பித்தது. சலூன்காரர் ஒப்புக்கு மேற்பார்வையாளரின் கழுத்தில் ஒரு துண்டைப் போட்டதோடு சரி. திரையில் கதவு தட்டப்பட்டது. நான்கு ஆண்களும் ஒரே சமயத்தில் வலது பக்கம் திரும்பினார்கள். பெண்கள் இருவரும் இடது பக்கம் திரும்பினார்கள். சர்வேயர் இடதுபுறமிருந்து உள்ளே வந்தான். "என்னது, வீட்டை மாத்திட்டாங்களா?" என்றார் டயர்க்கடைக்காரர், எதையுமே பார்த்ததில்லை என்பதை அடியோடு மறந்துபோய்.

சர்வேயர் மேசைமேல் வரைபடத்தை விரித்தான். நேராகப் போன கோட்டை அழித்தான். வீட்டைச் சுற்றி ஒரு வளைவு வரைந்தான். கதாநாயகி எழுந்து நின்றாள். இசை பொங்கியது. சுபம்.

மேற்பார்வையாளர் துண்டோடு துள்ளி எழுந்தார். "வளைச்சுட்டான்! நான் மொத நாளே நினைச்சேன். ஒரு வளைவு போட்டா முடிஞ்சது!"

"நாசமாப் போச்சு!" என்று அதே வேகத்தில் எழுந்தாள் மனைவி. முகம் சிவந்திருந்தது. "கதையையே கொன்னுட்டாங்க. புத்தகத்துல அவன் வளைக்க மாட்டான். நேராத்தான் போடுவான். அவன் கையாலயே அவ வீட்டை இடிச்சுட்டுப் போவான். வளைக்க முடியலையேன்னு ரெண்டு பேரும் காலம் பூரா தவிப்பாங்க. அதுதானே கதை?"

"அப்ப புத்தகத்துல இருக்கறவனுக்கு வேலை தெரியலைன்னு அர்த்தம்" என்றார் மேற்பார்வையாளர். தகுதி பெறாமல் பேசிவிட்டது அவருக்கே உறைக்கவில்லை. வாரக்கணக்காகத் தேக்கி வைத்தது மதகு உடைத்துக்கொண்டது. "முடியலையாம்! ரயில் பாதை ஆகட்டும், குழாய் ஆகட்டும், வளைக்க முடியாததுன்னு ஒண்ணு உலகத்துல கிடையாது. எந்தக் குழாயையும் வளைக்கலாம். போடறவனுக்கு மனசு இருக்கணும், அவ்வளவுதான்."

மனைவி நிதானமாகக் கேட்டாள். "எந்தக் குழாயையுமா?"

"எந்தக் குழாயையும்."

"அப்ப நாம இந்த வீட்டுக்குக் குடிவந்த புதுசுல, பின்பக்கம் நான் வெச்ச ரோஜாச் செடி மேல குழாயை நேரா விட்டீங்களே? மொட்டு விட்டிருக்கு, ஒரு முழம் தள்ளிப் போடுங்கன்னு கெஞ்சினேனே? வளைக்க முடியாதுன்னீங்களே?"

 கணக்கு வாத்தியார் கண்ணை மூடித் தூரத்தைக் கணக்குப் போட்டார். டயர்க்கடைக்காரர் மீசை இருந்த இடத்தைத் தடவினார். மேற்பார்வையாளர் உதவிக்குச் சலூன்காரரைப் பார்த்தார்.

"குழாய் திரும்பற இடத்துல ரெண்டு எல்போ போட்டிருந்தா செடி தப்பிச்சிருக்கும் அண்ணே" என்றார் அவர். "அண்ணி கேக்கறது நியாயம்தான்."

"நீ வந்த வேலையைப் பாரு."

"வந்த வேலை முடிஞ்சு போச்சே. வளைச்சுட்டானே."

மேற்பார்வையாளர் உட்கார்ந்தார். திரும்ப எழுந்தார். துண்டைக் கழற்றி மடித்தார். அவருக்குத் தெரிந்த எல்லா அளவு மாறுபாடுகளையும் மனசுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். மண்ணின் தன்மை. பாறை. மேலிடத்து உத்தரவு. எதுவும் அந்த ஒரு முழத்துக்குப் பொருந்தவில்லை. அந்தக் காலத்தில் இரண்டு எல்போ வாங்கக் கடைவரை நடக்கச் சோம்பல். நடந்தது அவ்வளவுதான்.

"த..." என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "தப்புதான்."

"எது?"

"செடியும்." மடித்த துண்டை இன்னொரு தடவை மடித்தார். "வெங்காயமும்."

கணக்கு வாத்தியார் கூரையைப் பார்த்தார். மாடிவீட்டு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. மனைவி டிவியை அணைத்தாள். உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தாள். அவர் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"சரி, இப்ப சொல்லுங்க" என்றாள். "நடுவுல ஒரு நாள் ராத்திரி பூரா மழையில அவன் அவ வாசல்ல நிக்கறானே. அவ கதவைத் திறந்திருக்கணுமா, கூடாதா?"

மேற்பார்வையாளர் டம்ளரைக் கீழே வைத்தார். அந்த மழைக் காட்சி, வந்த அன்றைக்கு ராத்திரி முழுக்க அவரைத் தூங்கவிடவில்லை. அதைப் பற்றி மட்டுமே அவரிடம் ஒரு மணி நேரத்துக்குக் கருத்து இருந்தது.

"திறந்திருக்கவே கூடாது" என்றார்.

"அய்யய்யோ, அது எப்படி?" என்றாள் மனைவி, நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டே.